எக்ஸ்டென்ஷன் சென்டரின் ஐந்தாண்டுத் திட்டம்: கிழக்குப் பஞ்சாயத்துக்காரர்களை எந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டும்?

கிழக்கன்காற்று (கொழிஞ்சாம்பாறை பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பாலக்காடு மாவட்டத்திலும் வேலை செய்கிற ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் (ஊர் மக்களோடு சேர்ந்து வேலை செய்வதற்கான பிரிவு) அடுத்த ஐந்து வருடத்துக்குத் திட்டம் தயாரிக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம், பேச வேண்டியது முறையைப் பற்றி. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு எங்கள் தமிழ் மீடியம் பள்ளிக்கும் கடிதம் வந்ததால் போயிருந்தேன். வேலை நாள், காலை நேரம், பாலக்காடு டவுன். கையில் கொடுத்த வரைவு முழுக்க ஆங்கிலம், திரையில் ஓடியது மலையாளம். முதல் பக்கத்திலேயே "அனைவரையும் உள்ளடக்கிய திட்டம்" என்று இருக்கிறது. ஆனால் கிழக்கே சித்தூர் தாலுகாவில் வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, பட்டஞ்சேரி பக்கமிருந்து வந்தவர்கள் யார் என்று பார்த்தால் பஞ்சாயத்து ஆட்கள் கொஞ்சம், எங்களைப் போல வாத்தியார்கள் கொஞ்சம். தோட்டக் கூலி வேலை செய்கிறவர் இல்லை, கள்ளு இறக்குகிறவர் இல்லை, ஆதிவாசி ஊர்களிலிருந்து ஒருவர்கூட இல்லை.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. குறிக்கோள்கள் எல்லாம் எழுதி முடித்திருந்தார்கள், எந்தத் தலைப்புக்கு எவ்வளவு பணம் என்ற பட்டியலும் தயார். கம்ப்யூட்டர் பயிற்சி, தொழில்முனைவோர் முகாம், மொழிச் சிறுபான்மையினருக்கு விழிப்புணர்வு வகுப்பு, இப்படிப் போகிறது. கடைசியில் "ஏதாவது ஆலோசனை உண்டா?" என்று கேட்டார்கள். பணத்தைப் பங்கு வைத்த பிறகு ஆலோசனை கேட்டு என்ன செய்ய?

எங்கள் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு குறைவில்லை. பத்தாவது முடித்ததும் பிளஸ் ஒன் ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பம், அப்புறம் டிகிரி அலாட்மென்ட், இரண்டையும் தமிழில் விளக்கிக் கூட உட்கார்ந்து நிரப்பித் தர ஆள் வேண்டும். அம்மா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவராக இருந்தால் சாதிச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு மாநிலப் பட்டியலும் ஒன்றல்ல. யாராவது முன்கூட்டியே எங்கள் ஊரில் வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் இதுதான் முதல் வரியாக வந்திருக்கும். என் கேள்வி: திட்டத்தில் நம் ஆட்கள் எந்தக் கட்டத்தில் நுழைய வேண்டும், அதை எப்படிக் கேட்டு வாங்குவது?

ஃபைல்மேசை

டீச்சர், நான் இதே மாதிரி வேறொரு பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். உள்ளே எப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

1977லேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தன் கொள்கை அறிக்கையில், கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டுக்கும் சமமான மூன்றாவது கடமை விரிவாக்கப் பணி என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பே 1969ல் என்எஸ்எஸ் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியாயிற்று. கொள்கையில் குறை இல்லை. குறை எங்கே என்றால் மதிப்பெண் போடுகிற இடத்தில். பல்கலைக்கழகங்களுக்குத் தர மதிப்பீடு செய்கிற நாக் அமைப்பின் குழு வரும்போது மூன்றாவது அளவுகோலில் விரிவாக்கமும் வருகிறது, அங்கே கேட்பது ஐந்து வருடத்தில் எத்தனை நிகழ்ச்சி நடந்தது, எத்தனை மாணவர் கலந்துகொண்டார்கள் என்பது மாதிரி எண்ணிக்கைகள். ஒரு பிள்ளையின் சான்றிதழுக்காக மூன்று மாதம் கூடவே நடந்தால் அது கணக்கில் ஒன்று. ஒரு நாள் முகாம் வைத்து குரூப் போட்டோ எடுத்தால் அதுவும் ஒன்று. அதனால் திட்டம் எழுதுகிறவர் மனசில் முதலில் வருவது முகாம்.

இரண்டாவது, மார்ச். மார்ச் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்து யூசி (செலவுச் சான்றிதழ்) அனுப்பாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். "ஊரில் கேட்டுவிட்டு முடிவு செய்வோம்" என்று ஒரு தொகையைத் தலைப்பு போடாமல் வைத்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் வழியும் உண்டு, அப்புறம் சொல்கிறேன்.

நேர்பேச்சு

ஒரு மாற்றுக் கருத்து, யாரும் கோபப்பட வேண்டாம். எல்லாரையும் கூப்பிட்டுத் திட்டம் போட்டால் திட்டமே வராது. நம் கிராமசபையை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டு வாக்காளரில் 10 சதவீதம் வந்தால்தான் கோரம், அதற்கே மெம்பர் வீடு வீடாக நடக்க வேண்டியிருக்கிறது. வருகிறவர்களும் வீடு, ஆடு, கோழி யாருக்கு என்ற லிஸ்ட் பற்றித்தான் பேசுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த ஆட்கள் இருக்கிறார்கள், ஆராய்ந்து முடிவு செய்யட்டும். நோயாளியைக் கேட்டா டாக்டர் மருந்து எழுதுகிறார்?

கிழக்கன்காற்று

சார், எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் எந்த டாக்டரும் எழுதுவதில்லை. பெருமாட்டிப் பஞ்சாயத்தில் நடந்ததையே பாருங்கள். பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000ல் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, சோறு வெந்தால் ருசி மாறுகிறது, குளித்தால் அரிக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் அங்கே இருந்த ஆதிவாசிப் பெண்கள். எந்த லேபும் சொல்வதற்கு முன்னால். 2002 ஏப்ரலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், இரவாளர் சமூகத்து மயிலம்மா முன்னால் நின்றார். ஆலைக் கழிவில் காட்மியம் இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னது 2003ல், ஆலை நின்றது 2004 மார்ச்சில். அரசு அமைத்த உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் சேதம் என்று மதிப்பிட்டது 2010ல். முதல் வருடமே அந்தப் பெண்கள் பேச்சை ஒரு பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டு தண்ணீரைச் சோதித்திருந்தால் எவ்வளவு காலம் மிச்சமாகியிருக்கும்? நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எதை ஆராய வேண்டும் என்ற கேள்வி ஊரிலிருந்து வரட்டும், எப்படி ஆராய்வது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கிராமசபை பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. லிஸ்ட் மட்டும்தான் அங்கே முடிவாகிறது என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் லிஸ்டுக்காக மட்டும்தான் வருவார்கள். 1996ல் கேரளாவில் ஜனகீய ஆசூத்ரணம் (மக்கள் திட்டமிடல்) தொடங்கியபோது திட்டப் பணத்தில் 35லிருந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்று அறிவித்தார்கள். பணம் கையில் வரும் என்று தெரிந்ததால்தான் அன்றைக்குக் கூட்டம் கூடியது.

தேயிலைக்காடு (மூணாறு)

டீச்சரக்கா, நான் தோட்டத்துப் பிள்ளை, என் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். யாரைக் கூப்பிடுவது என்று பேசும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் எந்தத் திட்டக் கூட்டம் என்றாலும் யூனியன் தலைவரைக் கூப்பிட்டால் தொழிலாளியைக் கூப்பிட்ட மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2015 செப்டம்பரில் என்ன நடந்தது? போனஸைக் குறைத்ததும் ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், எல்லா யூனியன் தலைவர்களையும் தள்ளி நில் என்று சொன்னார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது அப்போதுதான். ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவீதம் வாங்கினார்கள். அவர்களுக்காகப் பேசுவதாகச் சொன்னவர்கள் உண்மையில் அவர்களுக்காகப் பேசவில்லை என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. அதனால் பிரதிநிதி வந்தார் என்று கணக்கு எழுதினால் போதாது, அந்தப் பிரதிநிதியை அனுப்பியது யார் என்று கேட்க வேண்டும்.

அப்புறம் நேரம். காலையில் மஸ்டருக்கு (ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு) போனால் கொழுந்து எடை போட்டுத் திரும்பும்வரை எங்கள் பெண்கள் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போச்சு. பேராசிரியர் அந்தக் கூட்டத்துக்கு வந்தால் அவருக்குப் பயணப்படி உண்டு, சம்பளமும் உண்டு. கொழுந்து எடுக்கிற அக்கா வந்தால் அவருக்கு டீயும் பிஸ்கட்டும். இழந்த கூலியைக் கொடுங்கள், அது பிச்சையும் இல்லை லஞ்சமும் இல்லை, அவர் கொண்டுவருவதும் ஒரு நிபுணத்துவம்தான். 2020 ஆகஸ்ட் 6ம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்தோடு (தொழிலாளர் வரிசை வீடுகளோடு) 70 பேர் போனார்கள். எந்த லயத்துக்கு மேலே சரிவு அசைகிறது, மழைக்காலத்தில் எந்த ஓடை வழி மாறுகிறது என்பதைத் தினமும் அங்கே நடக்கிறவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். அதை வாங்கி எழுதிக்கொள்ள ஒரு விரிவாக்க மையத்தைவிடப் பொருத்தமான இடம் எது? ஆனால் எங்களுக்கு வருவது சோப்பு செய்யும் பயிற்சி.

நேர்பேச்சு

கூலி கொடுக்கும் விஷயம் நான் யோசிக்காதது, நியாயமான பேச்சு. ஆனால் ஆயிரம் பேரின் ஆயிரம் கோரிக்கை வந்தால் எதைத் தள்ளுவது, யார் தள்ளுவது? அதற்குப் பதில் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது.

ஆனமலைப்பாதை

நான் முதலமடைப் பக்கம். நேர்பேச்சு அண்ணாவின் கேள்விக்கு முன்னால் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டீச்சர் பட்டியலில் ஆதிவாசி ஊர்கள் கடைசியில் வருகின்றன, பேச்சு முழுக்கத் தமிழர்கள் மலையாளிகள் என்றே போகிறது. பரம்பிக்குளத்தில் காடர், மலசர், மலைமலசர், முதுவர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. தமிழில் நோட்டீஸ் அடித்துவிட்டால் அவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று நாமே முடிவு கட்டக்கூடாது.

பரம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து பஞ்சாயத்து ஆபீசுக்கு வர ரோடு தமிழ்நாடு வழியாகத்தான், டாப்ஸ்லிப், சேத்துமடை இறங்கி, மறுபடி எல்லை தாண்டி. பாலக்காட்டில் காலைக் கூட்டம் என்றால் ஊர்த் தலைவரான ஒரு மூப்பன் எப்போது புறப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டம்தான் அங்கே போக வேண்டும். ஆதிவாசிகளுக்கு ஊருக்கூட்டம் என்று ஒன்று ஏற்கனவே இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், ஊருக்கூட்டம் நடக்கிற நாளில் மையத்துக்காரர்கள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

கிழக்கன்காற்று

நீங்கள் சொன்னது சரி அண்ணா, இழைத் தலைப்பில் நான் போட்டிருந்த "தமிழர்கள்" என்பதைக் "கிழக்குப் பஞ்சாயத்துக்காரர்கள்" என்று மாற்றக் கேட்டிருக்கிறேன். ஊருக்கூட்டத்தையும் கோரிக்கையில் தனியாகச் சேர்க்கிறேன்.

ஏரிக்கரை (வேலந்தாவளம், இப்போது அமெரிக்காவில்)

நான் இங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாய விரிவாக்கப் பிரிவில் இருக்கிறேன். இங்கத்திய கதை கொஞ்சம் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ள அல்ல, எங்கே தடுக்கும் என்று தெரிவதற்கு.

1862ல் மாரில் சட்டம் நிலம் கொடுத்துப் பல்கலைக்கழகங்களை உண்டாக்கியது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்ததால் 1890ல் இரண்டாவது சட்டம் வந்து தனிக் கல்லூரிகள் அந்த வரிசையில் சேர்ந்தன. பூர்வகுடிகளின் கல்லூரிகளுக்கு அந்தத் தகுதி கிடைத்தது 1994ல். முதல் சட்டத்திலிருந்து 132 வருடம்! ஊர்களுக்குப் போகும் விரிவாக்கப் பணிக்கு 1914ல் ஸ்மித் லீவர் சட்டம் பணம் ஒதுக்கியது. 1998ல் வந்த சட்டம்தான் முக்கியம்: மத்திய அரசின் அந்தப் பணம் வேண்டுமென்றால், சம்பந்தப்பட்ட மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு முறை வைத்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. அதாவது கேட்பது நல்ல மனசைப் பொறுத்த விஷயம் இல்லை, பணத்துக்கு நிபந்தனை.

அப்படியும் என்ன ஆகிறது என்றால், ஏற்கனவே நம் பயிற்சிக்கு வருகிற அதே பெரிய விவசாயிகள்தான் ஆலோசனைக் குழுவிலும் வந்து உட்காருகிறார்கள், அவர்களுக்கு வேண்டியதையே கேட்கிறார்கள், அடுத்த ஐந்து வருடமும் அவர்களுக்கே போகிறது. அதனால் நான் எப்போதும் சொல்வது, "யார் வந்தார்கள்" என்ற பட்டியலுக்குப் பக்கத்தில் "யார் வரவில்லை, ஏன்" என்று இன்னொரு பட்டியல் எழுதுங்கள். திட்டத்தில் பின்னிணைப்பாக அது அச்சாக வேண்டும்.

நேர்பேச்சு அண்ணா கேட்டது சரியான கேள்வி. தள்ளத்தான் வேண்டும். ஆனால் தள்ளுகிற அளவுகோலை மக்கள் முன்னால் முதலில் முடிவு செய்துவிட வேண்டும், கோரிக்கை வருவதற்கு முன்னால். உதாரணமாக, வேறு எந்தத் துறையும் செய்யாத வேலை, மாணவர்களால் செய்ய முடிந்த வேலை, பின்தங்கியவர்களுக்கு முதலில் போய்ச் சேருகிற வேலை, இந்த மூன்றில் எது எதற்கு முன்னால் என்று. அப்புறம் தள்ளப்பட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

குப்பம்வாசி

சித்தூர் என்றதும் எங்கள் ஆந்திரா சித்தூர் என்று நினைத்து உள்ளே வந்தேன். ஆனாலும் பேச்சு எங்களுக்கும் பொருந்துகிறது. குப்பத்தில் மூன்று மாநிலம் சந்திக்கிறது, 1997ல் திராவிடப் பல்கலைக்கழகத்தை இங்கே வைத்ததற்கே அதுதான் பொருத்தம். எல்லைப் பகுதியில் நான் பார்க்கிற ஒரு சிக்கல்: திட்டத்தில் "செயல்பாட்டுப் பகுதி" என்று மாவட்டப் பெயர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஜனங்களின் சந்தை, ஆஸ்பத்திரி, சம்பந்தம் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. உங்களுக்குக் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பொள்ளாச்சி, எங்களுக்கு நாட்றம்பள்ளி, வேப்பனப்பள்ளி. பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு வரி திட்டத்திலேயே இருந்தால்தான் பின்னால் பணம் செலவழிக்க முடியும். டீச்சர் சொன்ன சாதிச் சான்றிதழ் விஷயமெல்லாம் ஒரு பக்கத்து மையம் மட்டும் தீர்க்கக்கூடியதே இல்லை.

ஃபைல்மேசை

வழி சொல்கிறேன் என்றேனே, இதோ.

ஆடிட் பயத்துக்கு: தலைப்பே இல்லாத பணம் என்றால் நிதிப் பிரிவு ஏற்காது. "ஊர் முன்னுரிமைப் பணிகள்" என்று ஒரு தலைப்பைப் போட்டு, ஊர்க்கூட்டத் தீர்மானம் இருந்தால் அதிலிருந்து செலவழிக்கலாம் என்று விதி எழுதி, அதை நிதிக் குழுவிலும் சிண்டிகேட்டிலும் (பல்கலைக்கழக நிர்வாகக் குழு) திட்டத்தோடு சேர்த்தே பாஸ் செய்தால் ஆடிட்டர் கேட்க ஒன்றுமில்லை, தீர்மான நகல் ஃபைலில் இருக்கும். வருகிறவர்களின் கூலி இழப்புக்கும் இதே மாதிரி முன்கூட்டியே விகிதம் வைத்துவிட வேண்டும். எல்லாம் சிண்டிகேட்டுக்குப் போவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை. பாஸ் ஆன பிறகு மாற்றச் சொன்னால் "அடுத்த திட்டத்தில் பார்ப்போம்" என்பார்கள்.

கேட்டு வாங்குவதற்கு: தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ) எடுத்துப் படியுங்கள். கொள்கை வகுக்கும்போது பொதுமக்களைக் கலந்து பேச என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை ஒவ்வொரு பொது அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகமும் அதில் வரும். நீங்கள் எழுதும் கடிதத்தில் அந்தப் பிரிவைச் சொல்லி, வரைவுத் திட்டத்தின் நகல், கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல், வந்த ஆலோசனைகளில் எதை ஏற்றார்கள் என்ற விவரம், மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

தேயிலைக்காடு

கடிதம் தமிழில் எழுதலாமா? எங்கள் பக்கம் ஆபீசில் தமிழில் கொடுத்தால் வாங்கத் தயங்குகிறார்கள்.

கிழக்கன்காற்று

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ல் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு ஆபீஸ்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது தங்கச்சி. அதில் சொல்வது அரசு அலுவலகங்களை. பல்கலைக்கழகத்தையும் அது கட்டுப்படுத்தும் என்று வாதாடிக்கொண்டு நேரத்தை விட எனக்கு விருப்பமில்லை, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே கடிதத்தை இரண்டு பத்தியாக எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் திட்டத்துக்குள் ஒரு வரி கேட்போம்: இந்தப் பகுதிகளில் நடக்கும் எல்லாக் கூட்டமும், வரைவின் சுருக்கமும், படிவங்களும் தமிழில் இருக்கும் என்று. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, மொழிபெயர்க்க மாணவர்கள் கிடைப்பார்கள், அதையே அவர்களின் என்எஸ்எஸ் மணிநேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 120 மணிநேரம் அவர்கள் செய்தாக வேண்டுமே.

இதுவரை வந்ததை வைத்து நான் எழுதப்போகும் கடிதம் இப்படி இருக்கும். வரைவை சிண்டிகேட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவைத்து, முதலில் கொழிஞ்சாம்பாறையிலும் முதலமடையிலும் பரம்பிக்குளத்திலும் அவரவர் நேரத்தில் கேட்க வேண்டும், பரம்பிக்குளத்தில் ஊருக்கூட்டம் வழியாகத்தான். கேட்கும்போது குறிக்கோள் பக்கம் காலியாக இருக்க வேண்டும். ஊர் முன்னுரிமைத் தலைப்பும் கூலி இழப்பு விகிதமும் பட்ஜெட்டில் வர வேண்டும். வராதவர்களின் பட்டியலை அச்சிட வேண்டும், தள்ளியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்தோடு கூட்டு வேலைக்கு ஒரு வரி. தண்ணீரைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதப்போகிறேன், ஏனென்றால் நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சுகிற பகுதிகளில் ஒன்று நம் சித்தூர் பிளாக், மழை நிழலில் இருக்கிறோம், பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கிடைக்க வேண்டிய 7.25 டிஎம்சியை நம்பி இருக்கிறோம், அப்படியிருந்தும் வரைவில் கிணறு, போர்வெல் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எருத்தேம்பதியில் எந்தக் கள்ளுக்காரரை, எந்தக் கடலை விவசாயியைக் கேட்டாலும் முதலில் பேசுவது போர் எத்தனை அடி இறங்கியது என்பதைத்தான்.

நேர்பேச்சு

டீச்சர், ஒரு திருத்தம். "குறிக்கோள் பக்கம் காலியாக" என்று எழுதினால் மையத்துக்காரர்கள் பயந்துவிடுவார்கள், அவர்களும் ஏதோ உழைத்து எழுதியிருக்கிறார்கள். "இப்போதைய குறிக்கோள்கள் ஊர்க் கூட்டங்களுக்குப் பிறகே இறுதி செய்யப்படும்" என்று எழுதுங்கள். அர்த்தம் அதுவேதான், ஆனால் கையெழுத்துப் போட அவர்களுக்கு வழி இருக்கும். என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்கன்காற்று

நல்ல திருத்தம் சார், அப்படியே மாற்றிவிட்டேன். ஃபைல்மேசை சார், ஊர் முன்னுரிமைத் தலைப்புக்கான விதியை நிதிக் குழு ஏற்கும்படியான பாஷையில் ஐந்தாறு வரி எழுதித் தர முடியுமா?

ஃபைல்மேசை

இன்று ராத்திரி எழுதித் தருகிறேன். ஒன்று மட்டும், தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே சேர்க்கிறேன், பின்னால் யாரும் அதை விருப்பம்போல் விட்டுவிட முடியாது.

ஆனமலைப்பாதை

பரம்பிக்குளத்து ஊருக்கூட்டம் அடுத்து எப்போது என்று ட்ரைபல் புரொமோட்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அங்கே ஒருமுறை படித்துக்காட்ட வேண்டும் டீச்சர். அவர்கள் பெயரைப் போட்டுக் கேட்கிறோம், அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

கிழக்கன்காற்று

சரி. அதுவரை அனுப்பவில்லை.